ஏலத்துல பைக் எடுக்க லைசென்ஸ் வேணுமா?

மதுவிலக்கு வழக்குல பறிமுதலான வண்டிகள் ஏலம்னு போலீஸ் அறிவிப்பு வந்தா போதும், அன்னைக்கு ராத்திரியே அது நம்ம ஹாஸ்டல் குரூப்புக்கு வந்துடும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "மச்சி, இதுக்கு டீலர் லைசென்ஸ் ஏதாவது வேணுமாடா?"

வேண்டாம். ஆதார், முன்பணம், ஏலம் நம்ம பேர்ல விழுந்தா மீதித் தொகையும் ஜிஎஸ்டியும். அவ்வளவுதான்.

ஆனா நம்மில் யார் நேரா போய் ஏலம் கேட்கிறோம்? அங்க மொத்தமா எடுக்கிற புரோக்கர்கிட்ட கூட நாலாயிரம் கொடுத்து வாங்குறோம். லைசென்ஸ் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

என் ரூம்மேட் போன வருஷம் அப்படித்தான் ஒரு பைக் வாங்கினான். கேஏ நம்பர். கர்நாடக எல்லைப் பக்கம் இருக்கிற தருமபுரியில அது ஒண்ணும் அதிசயம் இல்லை. ஆர்சி புக் கிடையாது. புரோக்கர் பேர்ல இருந்த ஏல ரசீதோட ஜெராக்ஸ், ஒரு ஸ்டாம்ப் பேப்பர், ரெண்டு சாவி. மூணு மாசம் ஜாலியா ஓட்டினான். ஒரு வாகனச் சோதனையில நிறுத்தி "வண்டி யாருது?"ன்னு கேட்டப்ப, அவனால பதில் சொல்ல முடியலை.

சட்டம் இதுல தெளிவாவே இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 57-ஆவது விதிப்படி, அரசு ஏலத்தில் வண்டி எடுத்தவர் அது கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். ஏலம் நடத்திய அதிகாரி கையெழுத்திட்ட விற்பனை உத்தரவும், ஏலத்துக்கு அனுமதி தந்த அரசு ஆணையின் நகலும் அதோட வைக்கணும். நம்பர் பிளேட்டே போலியா இருந்தாலும் வழி இருக்கு: புது நம்பரை முதலில் ஏலம் விட்ட துறையின் பேர்ல ஒதுக்கி, பிறகு எடுத்தவர் பேருக்கு மாத்துவாங்க. இது எல்லாமே ஏலத்தில் எடுத்தவருக்கு. அவர்கிட்ட ஸ்டாம்ப் பேப்பர்ல வாங்கின என் ரூம்மேட் இந்தக் கணக்கிலேயே வரமாட்டான்.

அந்தப் புரோக்கருக்குத்தான் லைசென்ஸ் வேணும். 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் பதிவான பழைய வண்டிகளை வாங்கி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறணும்னு கொண்டுவந்தது. அஞ்சு வருஷம் செல்லும். உங்களுக்கு வண்டி வித்தவர்கிட்ட அதை யாராவது கேட்டிருக்கீங்களா? நானும் கேட்டதில்லை.

"அப்போ ஏலத்துக்கே லைசென்ஸ் வெச்சுடலாமே"ன்னு சிலர் சொல்றாங்க. அமெரிக்காவில் மான்ஹைம் மாதிரி பெரிய ஏலங்கள் டீலர்களுக்கு மட்டும்தான். ஜப்பானிலும் கார் ஏலத்தில் கலந்துக்க பழைய பொருள் வணிக உரிமம் வேணும். ஆனா அதெல்லாம் வியாபாரிகள் தங்களுக்குள்ள நடத்திக்கிற சந்தை. இங்க ஏலம் போறது அரசாங்கம் பறிமுதல் பண்ணின வண்டி. பென்னாகரத்துல இருந்து வர்ற மெக்கானிக்கும் பால்காரரும் கை தூக்க முடியணும். அவங்களை வெளிய நிறுத்தினா, ஏற்கனவே சிண்டிகேட் போடுறவங்களுக்குத்தான் கொண்டாட்டம்.

அதனால என் கோரிக்கை வேற. ஒரே ஆள் அஞ்சு, பத்து வண்டி எடுத்தா, அங்கீகாரச் சான்றை மைதானத்துலயே கேளுங்க. விற்பனை உத்தரவைக் கொடுக்கும்போதே படிவம் 32-ஐயும் கையில கொடுங்க. அரசுக்கு இதுல என்ன பெரிய செலவு?

நீங்க அடுத்த ஏலத்துக்குப் போறதா இருந்தா நேராவே போங்க. பார்வையிட விடுற அன்னைக்கே சேசிஸ் நம்பரைக் குறிச்சு பட்டியலோட ஒத்துப் பாருங்க. உத்தரவு உங்க பேர்ல இருக்கான்னு பார்த்துட்டு வண்டியை எடுங்க.

ரூம்மேட்டோட பைக் இப்போ ஹாஸ்டலுக்குப் பின்னாடி நிக்குது. புரோக்கர் போனை எடுக்கறதில்லை. போன வாரம் யாரோ அதோட பேட்டரியைக் கழட்டிட்டுப் போயிட்டாங்க. புகார் கொடுக்கலாம்னா, வண்டி யார் பேர்லன்னு எழுதறது?