தட்டை என்பது வசையல்ல

பிடிக்காத நாவலைத் ‘தட்டை’ என்று ஒதுக்குவது நம் விமர்சகர்களின் வழக்கம். இச்சோம்பலை மறுக்கிறேன். 1956இல் ழான்-பியர் செர் இயற்கணிதத்துக்குத் தந்த சொல் இது. குரோதெந்திக் அதை வடிவியலின் அடித்தளமாக்கினார்.

அதிபரவளையம் ஒன்று மெல்ல மாறி, வெட்டிக்கொள்ளும் இரு நேர்கோடுகளாக உடைகிறது. வடிவம் சிதைந்தாலும் படி இரண்டாகவே நீடிக்கிறது. இக்குடும்பம் தட்டையானது. எல்லாம் புள்ளிகளாயிருக்க, ஒன்று மட்டும் கோடாக வீங்கினால் தட்டைமை குலைகிறது. ஆக, தட்டை என்பது சலனமின்மையல்ல. உடைவிலும் கணக்குத் தவறாத மாற்றம்.

எங்கள் திமிரி இருந்த பழைய வட ஆற்காட்டின் தண்டரையில் 1932இல் பிறந்தவர் எம்.எஸ். நரசிம்மன். அவ்வாண்டே காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரியுடன் 1965இல் அவர் வெளியிட்ட தேற்றம், இத்தகைய குடும்பங்களை ஆராயும் துறையின் தூண். அவர்களை அறியாத இலக்கிய உலகம் எதைத் தட்டை என்கிறது?