சங்கு ஊதுகிறது, கேட் திறக்கவில்லை!

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். போன வருஷம் தம் சிறுநீரகம் ஒன்றைக் கணவருக்குக் கொடுத்தாராம். "இப்போது தேறிவிட்டார். ஸைக்கிளில்கூடப் போகிறார். இனி எதற்கு இந்த மாத்திரை என்கிறார். நிறுத்தலாமா?" என்று கேட்கிறார்.

கூடவே கூடாது, அம்மணி! காரணத்தைச் சொல்கிறேன், அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் ரத்தத்தில் 'டி' அணுக்கள் என்று ஒரு காவற்படை உண்டு. உங்கள் சிறுநீரகம் அதற்கு அந்நியச் சரக்கு. தாலி கட்டிய உறவெல்லாம் அணுவுக்குத் தெரியுமா? அந்நியத்தைக் கண்டதும் அணுவுக்குள் கால்ஷியம் குபுகுபுவென்று பாய்கிறது. உங்கள் ஊர் ஆலைச் சங்கு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். சங்கு கேட்டதும் 'கால்ஸிநியூரின்' என்ற வாட்ச்மேன் எழுந்து, 'என்ஃபாட்' என்ற மேஸ்திரியின் மேலுள்ள பாஸ்பேட் முத்திரைகளைப் பிய்த்துவிட்டு, அணுவின் கருவுக்குள் அனுப்புகிறார். அங்கே 'இன்டர்லூகின் 2' தயாரிக்க உத்தரவு பிறக்கிறது. பிறகென்ன? டி அணுக்கள் பல்கிப் பெருகிப் புதுச் சிறுநீரகத்தின் மேல் பாய வேண்டியதுதான்!

மாத்திரை சங்கை நிறுத்துவதில்லை. கால்ஷியம் பாயத்தான் பாய்கிறது. ஸைக்ளோஸ்போரினும் சரி, டாக்ரோலிமஸும் சரி, அணுவுக்குள் ஒரு புரதத்தைத் துணை சேர்த்துக்கொண்டு வாட்ச்மேனின் கையைப் பிடித்துக் கொள்கின்றன. மாத்திரை நின்றால் பிடியும் விட்டுப் போகும்.

முதலாவது நார்வே மேட்டு நிலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. மற்றது ஜப்பானில் த்ஸுகுபா மலைப் பக்கத்து மண்ணிலிருந்து, 1984-ல். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-ல் சிறுநீரகம் மாற்றி வைத்தபோது இவ்விரண்டும் கைக்கு வந்திருக்கவில்லை. இன்று உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே அந்தச் சிகிச்சை நடக்கிறது.

ஆனால் சாது மருந்தல்ல. அளவு கூடினால் கை நடுங்கும். காப்பாற்ற வந்த சிறுநீரகத்தையே கெடுக்கும். அதனால்தான் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அன்றைக்குக் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் நின்றால் கணக்குத் தப்பிவிடும். ரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிஸின் இம்மருந்தின் அளவைச் சரேலென்று இறக்கும். பம்பளிமாஸ் பழம் ஏற்றிவிடும். பக்கத்து வீட்டு மாமி சொன்ன கஷாயமும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன். நாலு பக்கக் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்த அழுத்தமும் சிறுநீரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டீர்கள்?