ஆற்றலா, ஆறுதலா?

மொழிபெயர்ப்பாளனின் உறக்கத்தைப் பல நாள் கெடுக்கும் சொற்கள் சில உண்டு. "எனர்ஜி ஹீலிங்" என்னும் தொடர் அவ்வாறு எனக்கு வாய்த்தது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்குத் துணைப் பராமரிப்பாக இம்முறையைக் கையாளலாமா என்பது பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்று தமிழாக்கத்திற்காக என் மேசைக்கு வந்தது. அகராதி காட்டிய வழியே "ஆற்றல் சிகிச்சை" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். கை எழவில்லை.

காரணத்தைக் கூறுகிறேன். ஆற்றல் என்னும் சொல்லை நம் பாடநூல்கள் பெரிதும் முயன்று ஒரே பொருளில் நிலைநிறுத்தியிருக்கின்றன. அது வேலை செய்யும் திறன்; ஜூல் என்னும் அலகால் அளக்கப்படுவது; ஆக்கவும் அழிக்கவும் இயலாதது. இவ்வாறு காலையில் வகுப்பில் கற்ற மாணவன், மாலையில் கடைத்தெருவில் "ஆற்றல் சிகிச்சை" என்னும் பலகையைக் கண்டால், விஞ்ஞானமே அதற்குச் சான்று வழங்கிவிட்டது என்றன்றோ எண்ணுவான்? கையிலிருந்து பாய்வதாகக் கூறப்படும் அந்தப் பொருளை எந்தக் கருவியும் இதுவரை அளந்ததில்லை. அளவில்லாத ஒன்றுக்கு அளவுள்ள ஒன்றின் பெயரைச் சூட்டுவது பெயர்ப்புப் பிழை மட்டுமன்று.

இன்னோர் இடர்ப்பாடும் உண்டு. அலோபதி அல்லாத முறைகளை "மாற்று மருத்துவம்" என்கிறோம். மஜ்ஜையை மாற்றிப் பதிப்பதையும் "மாற்றுச் சிகிச்சை" என்கிறோம். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டு எல்லை ஊர்களிலும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு முதலிய இடுக்கி மலையூர்களிலும், தமிழில் ஒரு சொல்லும் மலையாளத்தில் ஒரு சொல்லும் கேட்டுப் பழகிய மக்களிடையே இந்தக் குழப்பம் இருமடங்காகும். கோயம்புத்தூரிலோ வேலூரிலோ மருத்துவர் "மாற்றுச் சிகிச்சை வேண்டும்" என்று கூறியதைக் கேட்டு வந்த குடும்பத்தாரிடம், "அதைத்தான் நானும் செய்கிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மறுத்துப் பேச அவர்களுக்குச் சொல் கிடையாது.

இது வெறுங்கற்பனையன்று என்பதை, தேவிகுளம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதம் உணர்த்திற்று. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் அவருடைய மாணவி, தன் தம்பியின் மஜ்ஜையைப் பெற்று ஊர் திரும்பியிருக்கிறாள். கைகளை உடல்மேல் அசைத்து நோய் நீக்குவதாகக் கூறும் ஒருவர் வாரந்தோறும் வருகிறார், கட்டணமும் பெறுகிறார். அவர் வந்துபோன இரவுகளில் பெண் நன்றாக உறங்குவதாகத் தாய் சொல்கிறார். மருந்து மாத்திரைகள் ஆற்றலின் ஓட்டத்தைத் தடுக்கின்றன. அவற்றைக் குறைத்தால் நலம் என்று அந்த மனிதர் அண்மையில் கூறியிருக்கிறார். ஆசிரியர் தாம் என்ன சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தார்.

நிற்க. இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் களப்பணியாளர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். வயற்காட்டுக்காரருக்கு நாற்று நடவைக் கொண்டு விளக்கலாம். முதலில் கடுமையான மருந்துகளால், சிலருக்குக் கதிர்வீச்சாலும், நோயுற்ற பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பிறகு கொடையாளியின் குருதி ஆக்கும் மூல உயிரணுக்களை, இரத்தம் ஏற்றுவதுபோலவே சிரை வழியாகச் செலுத்துகிறார்கள். பெறுபவருக்கு அறுவை ஏதும் இல்லை. அவ்வுயிரணுக்கள் எலும்பினுள் தாமே இடம் தேடி வேர் பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அந்நாட்களில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லாத நிலையில், நம்மை ஒன்றும் செய்யாத பூஞ்சைத் துகள்கூட நோயாளியின் உயிரைக் குடிக்கும். வீடு திரும்பிய பின்னும் புதிய அணுக்கள் உடலைத் தாக்காதிருக்க சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளைப் பல மாதங்கள் தவறாது உட்கொள்ள வேண்டும். இ. டானல் தாமஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் 1950களில் தொடங்கிய இம்முயற்சிக்காக 1990இல் நோபெல் பரிசு பெற்றார். நம் நாட்டில் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983இலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும் இப்பணி தொடங்கிற்று.

இனி, கைவைக்கும் முறைகளுக்கு வருவோம். ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் ரெய்கியைத் தொடங்கினார். அமெரிக்காவில் டோலரஸ் கிரீகர் என்னும் செவிலியப் பேராசிரியையும் டோரா குன்ஸ் என்பாரும் 1970களின் தொடக்கத்தில் "தெரப்யூட்டிக் டச்" என்ற முறையை அமைத்தனர். பெயரில் தொடுகை இருப்பினும், கைகள் பெரும்பாலும் உடலைத் தொடாமல் சிறிது உயரத்திலேயே அசையும். கிரீகர் தம் கொள்கைக்கு நம்முடைய பிராணன் என்னும் சொல்லையே துணைக்கு அழைத்தார். நம் பாட்டிமார் வேப்பிலை கொண்டு காசு வாங்காமல் செய்தது, கடல் கடந்து சென்று ஆங்கிலப் பெயரோடும் கட்டணப் பட்டியலோடும் திரும்பி வந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இம்முறையினர் நோயாளியின் ஆற்றல் புலத்தைத் தம் கையால் உணர்வதாகக் கூறுவர். அதைச் சோதித்தவள் எமிலி ரோசா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி. பள்ளி விஞ்ஞானக் காட்சிக்காக அவள் ஓர் அட்டைத் தடுப்பை நிறுத்தினாள். சிகிச்சையாளர் அதன் துளைகள் வழியே இரு கைகளையும் நீட்டுவார். அவள் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, ஏதேனும் ஒரு கைக்கு மேலே தன் கையைப் பிடித்து, எந்தக் கை என்று கேட்பாள். 21 பேரிடம் நிகழ்ந்த 280 சோதனைகளில் 123 விடைகளே சரியாயின. அதாவது நூற்றுக்கு 44. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் ஐம்பது கிடைத்திருக்கும்! 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானபோது அவளுக்கு வயது பதினொன்று. ஓர் அட்டையும் ஒரு நாணயமும் போதுமாதலால், ஆசிரியர்கள் இதைத் தம் வகுப்பில் செய்து பார்க்கலாம்.

ஆகவே அனைத்தும் பொய் என்று கூறி முடித்துவிடலாமா? அவ்வளவு விரைவில் முடிக்க இயலவில்லை. மஜ்ஜை நோயாளிகளிடமே நடந்த ஓர் ஆய்வு 2003இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. 88 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்றாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்குத் தெரப்யூட்டிக் டச். ஒரு பிரிவினருக்கு மென்மையான உடல் பிடித்துவிடுதல். மூன்றாம் பிரிவினருடன் ஒருவர் அமர்ந்து அன்போடு உரையாடி வந்தார். மஜ்ஜை வேர் பிடித்த நாளில் மூன்று பிரிவினருக்கும் வேறுபாடு இல்லை. சிக்கல்களில், நரம்பு மண்டலம் தொடர்பானவை மட்டும் பிடித்துவிடப்பட்டோரிடம் குறைந்திருந்தன. ஆயினும் தெரப்யூட்டிக் டச் பெற்றோரும் பிடித்துவிடப்பட்டோரும், உரையாடல் மட்டும் பெற்றோரைவிட மிகுந்த இதம் அடைந்ததாகக் கூறினர். 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், புற்றுநோய் மருந்தேற்றிக்கொள்ளும் 189 பேரில் சிலருக்கு ரெய்கியும், சிலருக்கு ரெய்கிபோல் நடிக்கப்பட்ட பொய்ச் சிகிச்சையும் அளித்தனர். இரண்டுமே இதம் தந்தன! கைகளின் அசைவுக்கு அதில் பங்கில்லை என்பதையும், அருகில் ஒருவர் பொறுமையாக இருந்ததற்குப் பெரும் பங்குண்டு என்பதையும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதேயில்லை. புண் ஆறுகிறது; பால் ஆறுகிறது; மனமும் ஆறுகிறது. அதனைச் செய்விப்பது ஆற்றுதல். ஆங்கிலக் குறிப்பு ஆற்றல் என்று சொல்லும் இடத்தில், ஆய்வுகள் கண்டது ஆறுதலையே. எனவே என் தமிழாக்கத்தில் "கைவைத்து ஆற்றுதல்" என்று எழுதினேன். மேலதிகாரி புருவத்தை உயர்த்தினார். பிறகு ஒப்புதல் அளித்தார். மஜ்ஜை பெறுவதையும் "மஜ்ஜை பதித்தல்" என்று எழுதினால் மாற்று மருத்துவத்தோடு மயங்காது என்பது என் கருத்து.

ஆறுதல் சிறிய பொருளன்று. மலையிலிருந்து போடிமெட்டு வழியாக இறங்கி, அயலூரில் கண்ணாடி அறைக்குள் வாரக்கணக்கில் தனித்திருக்கும் நோயாளிக்கு அது மருந்துக்கு அடுத்த தேவை. ஆனால் அதனை விற்பவர் எல்லை மீறும் இடங்களைக் களப்பணியாளர் அறிந்திருக்க வேண்டும். மருந்தைக் குறைக்கச் சொல்வது முதலாவதும் கொடியதுமாகும். பூ, துளசி, திருநீறு, பச்சிலைச் சாறு என எதையேனும் அறைக்குள் கொண்டுவருவது அடுத்தது. வாடும் பூவிலும் மண்ணிலும் பூஞ்சை உண்டு. சாற்றில் உள்ளது சைக்ளோஸ்போரினோடு என்ன செய்யும் என்பதை ஒருவரும் சொல்ல இயலாது. ஆய்வில் பிடித்துவிடுதல் நலம் தந்ததென்று கேட்டு நம் ஊர் உழிச்சல்காரரை அழைப்பதும் கூடாது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது அழுத்திப் பிடித்தால் உள்ளே குருதி கசியும். புற்றுநோயை மந்திரத்தாலும் தாயத்தாலும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வோரைத் தடுக்க 1954ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

எல்லைப்புற ஊழியருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரி மலைமக்களிடையே அரிவாள் அணுச் சோகையின் கூற்றை இந்தியாவில் முதன்முறையாகக் கண்டறிந்தனர். அம்மலையை அடுத்த அட்டப்பாடியில் இருளரும் முடுகரும் குறும்பரும் இன்றும் அந்நோயால் வருந்துகின்றனர். அதனை ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலை முதல் நாள் தொடங்கப்பெற்று, இரத்தச் சோதனைகள் பரவலாக நடைபெறுகின்றன. அந்நோயை அடியோடு நீக்கும் வழிகளுள் நெடுங்காலம் பயின்று வந்தது மஜ்ஜை பதித்தலே. உடன்பிறந்தார் ஒருவரின் மஜ்ஜை பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சோதனை பெருகப் பெருக, இந்தக் கேள்வியோடு நம்மிடம் வரும் குடும்பங்களும் பெருகும்.

ஆசிரியருக்கு விடை எழுதினேன். மாத்திரைகளில் ஒன்றைக்கூட மருத்துவரைக் கேளாமல் குறைக்கலாகாது என்பதை அன்றே நேரில் சென்று தாயிடம் கூறும்படியும், இதுவரை ஏதேனும் விடுபட்டிருந்தால் மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்கும்படியும் கேட்டுக்கொண்டேன். அந்த மனிதருக்குக் கொடுக்கும் பணம் அடுத்த பரிசோதனைக்கான பேருந்துக் கட்டணமாகட்டும். உறக்கத்திற்கு, தாயே இரவில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, மகளின் நெற்றியில் கைவைத்து அரைமணி நேரம் அருகில் இருக்கலாம் என்றும் எழுதினேன். பத்து நாள் கழித்து அஞ்சலட்டை வந்தது. இரண்டு நாள் மாத்திரை விடுபட்டிருந்ததாம். மருத்துவமனையில் இரத்தம் சோதித்து அளவைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார்கள்.