பற்றுச்சீட்டை மடிக்குமுன்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆயினும் அவசரத்தில் தனியார் மருத்துவமனைக்கு ஓடும் எம்மவர், நகை அடகுவைத்த பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பற்றுச்சீட்டை வாசியாமலே மடித்து வைக்கின்றனர். டொக்டரைச் சந்தேகிப்பதா என்ற கூச்சமே காரணம். நெல் விற்கும்போது தராசைப் பார்க்கிறோமே, அது வியாபாரிக்கு அவமதிப்பா?

மொத்தத் தொகையுடன் நின்றுவிடாதீர்கள். விபரமான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தங்கிய நாட்கள் சரியா? ஒரே இரத்தப் பரிசோதனை இருமுறை பதிவாகியுள்ளதா? திருப்பிக் கொடுத்த மருந்து கழிக்கப்பட்டதா? பிழையிருந்தால் பணம் செலுத்துமுன் காசாளரிடம் அமைதியாகக் காட்டுங்கள். திருத்த மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கேட்கக் கூசினால் அடகு மீளாது.