கேட்பதற்கு ஓர் ஆள்!

விடியற்காலை நாலு மணி. வேலூர்ப் பக்கமிருந்து வந்த பேருந்து சுங்குவார்சத்திரத்திலே நிற்கிறது. தோளிலே ஒரு பை, கையிலே ஒரு பை, கண்ணிலே தூக்கம், நெஞ்சிலே கலக்கம். இறங்குகிறாள் ஒரு பெண். பத்தொன்பது வயதிருக்கும், இருபதும் இருக்கலாம். ஆலையிலே வேலை கிடைத்திருக்கிறது. ஊரிலே தாய் சொல்லியனுப்பிய சொல் இன்னும் காதிலே ஒலிக்கிறது: "பட்டணம், பார்த்துப் போ அம்மா! யாரையும் நம்பாதே!"

அன்பிலே பிறந்த அறிவுரை. தாயைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தோழனே, நீயும் நானும் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். யாரையும் நம்பாதவள் யாரிடம் வழி கேட்பாள்? நோய் வந்தால் யாரை எழுப்புவாள்? கூலி குறைந்தால் யாரிடம் முறையிடுவாள்?

பட்டணத்துக்குப் புதிதாய் வருவோர்க்கு எச்சரிக்கைகள் ஏராளம் உண்டு. பணத்தை ஒரே பையிலே வைக்காதே. வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்பவனை நம்பாதே. மூலச் சான்றிதழை எவரிடமும் ஒப்படைத்துவிடாதே. இருட்டிலே தனியே போகாதே. அத்தனையும் சரி, அத்தனையும் தேவை. ஆனால் அத்தனையும் கைக்கொண்டவர்களுக்கும் ஆபத்து வந்ததே! வந்தது எந்த வழியாக? அதற்கு நம் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையே சாட்சி.

2021 டிசம்பர். பாக்ஸ்கான் ஆலை. உலகத்துச் சீமான்கள் கையிலே வைத்துக்கொள்ளும் ஐபோன் உருவாகும் இடம். அங்கே வேலை பார்த்த பெண்கள் பலர் பூந்தமல்லிப் பக்கத்து விடுதிகளிலே தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். ஓர் அறையிலே ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையிலே படுத்தார்கள் என்று ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதிற்று. அந்த விடுதிகளுள் ஒன்றிலே, உண்ட உணவே நஞ்சாயிற்று. 159 பெண்கள் மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். சமையற்கூடத்திலே எலி! கழிவுநீர் ஒழுங்காக ஓட வழியில்லை! பூட்டினார்கள் சமையற்கூடத்தை.

கவனித்தாயா தோழனே? அந்தப் பெண்கள் இருட்டிலே திரியவில்லை. அயலானை நம்பி ஏமாறவில்லை. பணத்தைப் பறிகொடுக்கவில்லை. காப்பிடம் என்று காட்டிய இடத்திலேயே தங்கினார்கள். உணவு என்று வைத்ததையே உண்டார்கள். ஆபத்து சந்திலே ஒளிந்து நிற்கவில்லை. தட்டிலே பரிமாறப்பட்டது!

அதற்குப் பின் நடந்ததுதான் அதைவிடப் பெரிய பாடம். மருத்துவமனைக்குப் போன தோழியர் சிலர் திரும்பவில்லை. எங்கே அவர்கள்? எப்படியிருக்கிறார்கள்? விடை கிடைக்கவில்லை. விடை இல்லாத இடத்திலே வதந்தி வந்து உட்கார்ந்தது. "இறந்துவிட்டார்களாம்!" என்றது. உண்மையில் எவரும் இறக்கவில்லை. ஆனால் அதை உறுதியாய்ச் சொல்ல, அந்தப் பெண்கள் நம்பக்கூடிய ஒருவர், ஒரே ஒருவர், பக்கத்திலே இல்லை.

டிசம்பர் 17 இரவு, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையிலே வந்து உட்கார்ந்தார்கள் பெண்கள். விடிந்தும் எழவில்லை. ஆட்சியர் வந்தார், அமைச்சர்கள் பேசினார்கள், ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் நிறுவனமே, தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஒப்புக்கொண்டு, பாக்ஸ்கான் ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றுதான் ஆலைக் கதவு மீண்டும் திறந்தது. பின்னர் வல்லம் வடகாலிலே 18,720 பேர் தங்கும் விடுதியைச் சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறப்பு விழாவும் நடந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கேள்வி. தன்னோடு உண்டவள், உறங்கியவள் உயிரோடிருக்கிறாளா என்று தெரிந்துகொள்ள, ஒரு பெண் நள்ளிரவிலே நெடுஞ்சாலையிலே உட்கார வேண்டுமா?

ஏன் அப்படி ஆயிற்று? இந்தச் சாலையிலே இன்றும் நீ காணும் அமைப்பைப் பார். ஆலை ஒருவருடையது. ஆள் எடுப்பவர் இன்னொருவர். விடுதி மூன்றாமவருடையது. சோறு ஆக்குபவர் நான்காமவர். வேலை வாங்க நால்வர் உண்டு, பொறுப்பேற்க ஒருவரும் இல்லை! பெரிய ஊரின் ஆபத்து அதன் பரப்பிலே இல்லை, கூட்டத்திலே இல்லை. உனக்காகக் கேட்பவர் இல்லை என்பதிலே இருக்கிறது.

இதே பாடத்தை 2023 மார்ச்சிலே இன்னொரு வடிவிலே கண்டோம். ஒரகடத்து ஆலைகளிலும் கட்டுமானங்களிலும் பாடுபடும் பீகார்த் தொழிலாளியின் கைபேசிக்குக் காட்சிகள் வந்தன. "தமிழ்நாட்டிலே நம்மவரை வெட்டுகிறார்கள், ஓடி வா!" என்று ஊரிலிருந்து அழைப்பும் வந்தது. காட்சிகள் பொய். வேறு மாநிலத்திலே நடந்த கொலைக் காட்சியைக்கூட இங்கே நடந்ததாக ஒட்டிக் காட்டினார்கள். காவல்துறை மறுத்தது. பீகார் அரசே நான்கு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. புளுகு வெளுத்தது. ஆனால் அதற்குள் எத்தனை பேர் மூட்டையைக் கட்டினார்கள், எத்தனை தாய்மார் அங்கே தூக்கமிழந்தார்கள்!

"பொய்யை நம்பினார்களே, ஏமாளிகள்!" என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரரை அவனுக்குத் தெரியாது. பேசும் மொழி புரியாது. "இங்கே ஒன்றுமில்லை தம்பி, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்ல ஒரு குரல் இல்லை. அந்தக் குரல் இருந்திருந்தால், அந்தப் பொய் அவனுடைய அறைக்குள்ளே நுழைந்திருக்குமா?

"வந்தவனால்தானே நம்மவருக்குக் கூலி குறைகிறது?" என்று கேட்கிறார் ஒரு நண்பர். நியாயமான கவலை, ஆனால் தவறான விரல்! கூலி குறைவது அவன் வந்ததாலா? அவனுக்காகக் கேட்க ஆளில்லாததாலா? கேட்பாரற்றவனைத்தான் மலிவாக வாங்க முடியும். அவன் மலிந்தால் நீயும் மலிவாய். அவனுக்கு அரணாக நிற்பது தருமம் அல்ல தோழனே, உன் கூலிக்கு நீ போடும் வேலி!

நாம் மட்டும் என்றும் வீட்டுக்காரராகவே இருந்தோமா? பம்பாய்க்குப் பிழைக்கப் போனோம். 1960-களின் பிற்பகுதியிலே, "மதராசி" என்று பெயரிட்டுச் சிவசேனை விரட்டியபோது, தாராவித் தமிழன் அஞ்சி வாழ்ந்தான். 1991 டிசம்பரிலே காவிரியைக் காரணம் காட்டிப் பெங்களூரிலே தமிழர் வீடுகள் எரிந்தன. அன்று நம்மவரைத் தன் வீட்டுக்குள்ளே அழைத்துக் கதவைச் சாத்திக் காத்த அண்டை வீட்டுக்காரர் எங்கே இருந்தாலும், அவரை நாம் வணங்குவோமல்லவா? இந்தச் சாலையிலே இன்று அண்டை வீட்டுக்காரர் நாம்தான்!

ஆகவே, வருகிறவர்க்குச் சில சொற்கள். தங்கும் விடுதியின் முழு முகவரியும், ஆள் எடுத்தவர் பெயரும், ஆலையின் பெயரும் ஊரிலே வீட்டுச் சுவரிலே எழுதியிருக்கட்டும். முதல் வாரத்திலேயே விடுதிக்கு வெளியே ஒருவரையாவது அறிமுகம் செய்துகொள். அவர் கடைக்காரராக இருக்கலாம், சங்கத் தோழராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். ஆபத்துக்கு 112, பெண்களுக்கு 181, வேலை என்று சொல்லி இணையத்திலே பணம் பறித்தால் 1930. மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள். கைபேசி பறிபோனால் எண்ணும் போய்விடக் கூடாது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்திலே சொன்னால் திரும்பிவிடாதே. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு வாயிலே நுழையாத வடமொழிப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் கைதுக்குரிய குற்றம் எந்த எல்லையிலே நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் தகவல் தரலாம் என்று அதன் 173-ஆம் பிரிவு சொல்கிறது. பெயரை மறந்தாலும் எண்ணை மறவாதே!

இனி, உனக்குச் சில சொற்கள் தோழனே. உன் வட்டத்திலே எத்தனை விடுதிகள் என்று உனக்குத் தெரியுமா? பெண்கள் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும் என்று 2014-லேயே தமிழ்நாடு சட்டம் செய்திருக்கிறது. உன் தெரு விடுதியிலே அந்த உரிமம் இருக்கிறதா? கேட்டுப் பார். சமையற்கூடம் எப்படியிருக்கிறது, தண்ணீர் வருகிறதா, இரவிலே நோய் வந்தால் வண்டிக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேள். கேட்பது உள்ளே புகுந்து அதிகாரம் செய்வதற்கல்ல. அங்கே இருப்பவர்களுக்கும் கேட்க ஆள் உண்டு என்று நடத்துபவர் அறிந்துகொள்வதற்கு.

படிப்பகத்திலே நாளேடு வாங்கிப் போடுகிறாய், நல்லது. அதன் சுவரிலே தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் ஒரு வரி எழுதிவை: "புதிதாய் வந்தவரா? உள்ளே வாருங்கள்." இந்தித் திணிப்பை எதிர்த்தவன் இந்தியிலே எழுதுவதா என்று தயங்காதே. திணிப்பைத்தான் எதிர்த்தோம், தவித்து வந்தவனுக்குத் தண்ணீர் தருவதை அல்ல!

நாளை விடியற்காலை நாலு மணிக்கும் சுங்குவார்சத்திரத்திலே பேருந்து நிற்கும். இன்னொரு மகள் இறங்குவாள். "யாரையும் நம்பாதே" என்று சொல்லித்தான் அவளையும் தாய் அனுப்பியிருப்பாள். ஒரு மாதம் கழித்து அவள் ஊருக்குத் தொலைபேசியிலே என்ன சொல்லப் போகிறாள்? "இங்கே எனக்குக் கேட்க ஆள் இருக்கிறது அம்மா!" என்று அவள் சொல்வாளானால், நாம் கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, நல்ல ஊர்க்காரர்களும்தான்!