கரி அள்ளிய ஓவியன்

விக்டர் த்சோய் என்றதும் கறுப்புச் சட்டையும் கிடாருமாக நிற்கிற படத்தைத்தான் எல்லாரும் சுவரில் மாட்டுகிறார்கள். எனக்கு அது வேண்டாம். அலெக்ஸி உச்சித்தேல் 1987இல் எடுத்த 'ராக்' ஆவணப்படத்தில் ஒரு காட்சி வருது. லெனின்கிராடில் ஒரு பாய்லர் ரூம். ஒருத்தன் கரியை அள்ளி அள்ளி அடுப்புக்குள்ளே போடுறான். அவன்தான் த்சோய். அந்த பாய்லர் ரூமுக்கு 'கம்சாத்கா' என்று பேர்.

உழைப்பின் மேல் கலைஞனுக்கு இருந்த காதல் என்று தோழர்கள் சிலர் இதைப் பார்த்து உருகுகிறார்கள். காதலாவது கத்திரிக்காயாவது! பதிவான வேலை இல்லாதவன் 'ஒட்டுண்ணி' என்று 1961இல் சட்டம் போட்ட நாடு அது. 1964இல் கவிஞர் பிராட்ஸ்கியைக் கூண்டில் நிறுத்தி, உன்னைக் கவிஞன் என்று அங்கீகரித்தது யார் என்று நீதிபதி கேட்டார். ஐந்து வருஷம் நாடுகடத்தி உடலுழைப்புத் தண்டனை கொடுத்தார்கள். ஓவியர் சங்கத்து அட்டை இருந்தால் வரைவது வேலை, இல்லையென்றால் சோம்பேறித்தனம். பேரு என்னவோ உழைப்பாளர் அரசு. எது உழைப்பு என்று தீர்மானிக்கிற முத்திரை மட்டும் மேலே இருந்தவன் கையில்.

அந்த முத்திரை இவன் பிறப்பதற்கு முன்பே இவன் குடும்பத்தின் மேல் விழுந்தது. 1937இல் ஸ்டாலின் அரசு தூரக்கிழக்கில் இருந்த கொரியர்கள் சுமார் 1,72,000 பேரை, ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்று சொல்லி, ரயிலேற்றி கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் தூக்கியெறிந்தது. அப்பா அந்த மக்களில் ஒருவர். அம்மா ரஷ்யர். 1962இல் பிறந்த பையன் செரோவ் ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். படிப்பு சரியில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு தொழிற்பள்ளியில் மரம் செதுக்கக் கற்றான்.

1982இல் திமூர் நோவிகவ் தொடங்கிய 'புதிய ஓவியர்கள்' கூட்டத்தில் அவனும் சேர்ந்து வரைந்தான். அதே வருஷம் 'கினோ' குழுவின் முதல் ஆல்பம் '45' வந்தது. கடையில் இல்லை, டேப்பிலிருந்து டேப்புக்குப் பதிந்து பதிந்து ஊர் ஊராகப் போனது. லெனின்கிராட் ராக் கிளப் இருந்ததே என்பீர்கள். இருந்தது, 1981லிருந்து. பாடலை எழுதிக் காட்டி அனுமதி வாங்கித்தான் மேடை ஏறணும். கேஜிபி கண்ணும் அங்கேதான் இருந்தது.

1990 ஜூனில் மாஸ்கோ லூஷ்னிகி மைதானத்தில் பல்லாயிரம் பேர் முன்னால் பாடினான். ஆகஸ்ட் 15, லாட்வியாவில் கார் ஒரு பஸ்மேல் மோதியது. வயசு 28. அதற்கப்புறம் அவனைச் சாமியாக்கிவிட்டார்கள். கம்சாத்காவும் மியூசியமானது.

எனக்கு உறுத்துவது இதுதான்: பாட்டைப் பேசுறவன் எவனும் படத்தைப் பேசுறதில்லை. குழுவில் நின்றபடியே டிரம்ஸ் அடித்தவன் கியோர்கி குரியானவ். அவனும் ஓவியன்தான். 2013இல் செத்தான். அடுத்த முறை அந்தக் கறுப்புச் சட்டைப் படத்தை மாட்டும்போது, பக்கத்தில் அவர்கள் வரைந்ததில் ஒன்றையாவது தேடி மாட்டுங்கள்.