எலிப் பாஷாணமும் ஏழையின் இருதயமும்

பக்கவாதம் அடித்துக் கை கால் விழுந்துவிட்டால் "தலைவிதி" என்கிறோம். விதியல்ல, தோழர்களே! பலருக்கு அது இருதயத்தில்தான் ஆரம்பிக்கிறது. இருதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடக்கின்றன; உள்ளே தேங்கும் ரத்தம் கட்டியாகிறது; கட்டி மூளைக்குப் போய் ரத்தக் குழாயை அடைக்கிறது. 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்று டாக்டர்கள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஓடுகிற தறியின் சத்தத்தில் ஒரு சீர் உண்டல்லவா? நாடியில் அந்தச் சீர் தப்பினால் டாக்டரிடம் போக வேண்டும்.

இது கிழவர்களுக்கு மட்டும் வருவதல்ல. நெருக்கடியான குடியிருப்புகளில் வளரும் பிள்ளைக்குத் தொண்டைப் புண் வந்து, கவனிப்பாரின்றி மூட்டுவாதக் காய்ச்சலாகி, இருதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. உழைக்கிற வயதிலேயே இந்த வியாதி பிடித்துக்கொள்கிறது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் பழைய மருந்து வார்ஃபரின். அதன் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது! 1920-களில் வட அமெரிக்காவில் பூசணம் பூத்த தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தன. 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த மாட்டையும் உறையாத ரத்தத்தையும் சர்வகலாசாலைக்குக் கொண்டுபோனார். கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானி காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்த ஆராய்ச்சியிலிருந்து 1948-ல் எலிப் பாஷாணம் வந்தது. 1954-ல் அதுவே மனிதருக்கு மருந்தாயிற்று. மறு வருஷம் ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள்.

இப்போது அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாத புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றன. வால்வு கெடாதவர்களில் பெரும்பாலோருக்கு அவை நல்லவை, மறுக்கவில்லை. அதற்காகப் பழையதைத் தூக்கி எறிந்துவிடலாமா? மூட்டுவாதத்தால் இருதயம் கெட்டு இந்த வியாதி கண்ட சுமார் 4,500 பேரை 24 நாடுகளில் சோதித்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது 50. ஒரு பாதிக்கு ரிவராக்ஸபான் என்ற புது மாத்திரை, மறுபாதிக்கு வார்ஃபரின் வகை. 2022-ல் முடிவு வந்தது: பழைய மருந்து சாப்பிட்டவர்களிடையே சாவு குறைவு!

ஆனால் வார்ஃபரின் அளவு கூடினால் ரத்தம் கசியும். குறைந்தால் கட்டி உண்டாகும். ஆகவே 'ஐ.என்.ஆர்.' என்ற ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்ய வேண்டும். மாத்திரை மலிவுதான், டவுனுக்குப் போகும் பஸ் சார்ஜும், போகிற ஒரு நாள் கூலியும் மலிவா? பரிசோதனைக்கு வராத கூலிக்காரியை 'அலட்சியக்காரி' என்று திட்டுகிறார்கள். அலட்சியம் யாருடையது? விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நிமிஷத்தில் முடிவு சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் அதை வைக்கும்படி சர்க்காரை நாம் கேட்க வேண்டும். அதுவரை, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவோ மாற்றவோ கூடாது.